சகலையின் நஷ்டம்

நஷ்டம் என்று சொல்லும்போது முகம் மலர்கிற மனிதர் உங்களுக்கும் ஒருவர் வாய்த்திருப்பார். மாதம் இரண்டரை லட்சம் சம்பளம், படூரில் வாடகைக்கு விட்ட ஒரு ஃபிளாட், சட்டைப் பையில் ஒரு பேனா. எனக்கு அவர் சகலை முறை. உங்களுக்கு டீம் லீடராகவோ பல் டாக்டராகவோ இருக்கலாம்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார். “சகலை, வீட்டுல எவ்வளவு நஷ்டம் காட்டறீங்க?” நான் வாடகை வீட்டில் குடியிருப்பவன், எனக்கு நஷ்டம் ஏது என்றால் உச்சுக் கொட்டுவார். அப்புறம் இலைக்கு அடியில் விரித்திருக்கும் பேப்பர் ரோலில் பேனா ஓடும்.

வாடகை வருஷத்துக்கு 2,16,000. சொத்து வரி 6,000 போக 2,10,000. அதில் 30 சதவீதம், அதாவது 63,000, சும்மாவே கழித்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரு பல்புகூட மாற்றியிருக்க வேண்டாம். இங்கே பேனாவை நிறுத்தி, “பாத்தீங்களா?” என்று நம் முகத்தைப் பார்ப்பார். மீதி 1,47,000. பேங்க் வட்டி 5,07,000. ஆக நஷ்டம் 3,60,000! அதற்குக் கீழே இரண்டு கோடு. பக்கத்து இலை ரசம் அந்தக் கோட்டை நோக்கி வந்துகொண்டிருக்கும். அவர் கையால் அணை கட்டுவார்.

இதில் சம்பளத்தில் கழிக்க முடிவது 2 லட்சம்தான். 2017 பட்ஜெட்டுக்கு முன் அந்த வரம்பு கிடையாது, வாடகைக்கு விட்ட வீட்டின் முழு நஷ்டத்தையும் கழிக்கலாம். அந்த பட்ஜெட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தழுதழுக்கும். பெரிய மாமனார் காரியத்தில்கூட அவர் இவ்வளவு கலங்கி நான் பார்க்கவில்லை. 2 லட்சத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ்: 62,400 ரூபாய் மிச்சம். “இது யார் குடுத்த பணம்? கவர்மென்ட்டு குடுத்தது!” எல்லாம் ‘செக்ஷன் இருபத்து நாலு’ செய்த அருள். 2025இல் நிறைவேறிய புதிய சட்டம் பிரிவு எண்களையே மாற்றிவிட்டது. அவருக்கு இன்னும் அது இருபத்து நாலுதான்.

கழிபடாத 1,60,000 நஷ்டத்தை எட்டு வருஷம் வரை எடுத்துப் போகலாம். ஆனால் வீட்டு வருமானத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். வட்டி வாடகையை விழுங்கிக்கொண்டிருக்கும்வரை அந்த வருமானம் எங்கே வரப்போகிறது? இருந்தும், மகள் கல்யாணத்துக்கு நகை சேர்ப்பதுபோல் வருஷா வருஷம் நஷ்டம் சேர்க்கிறார். குடியிருந்தவர் காலிசெய்து வீடு பூட்டிக் கிடந்தபோது, “நஷ்டம் இன்னும் கூடிடுச்சு சகலை” என்று போன் செய்தார். வரம்பைத் தாண்டிய நஷ்டம் காலணாவுக்குப் பிரயோஜனமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மனுஷன் நல்லவர். கீசர் ஓடவில்லை என்று குடியிருப்பவர் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிப்பாக்கத்திலிருந்து ஸ்பானரோடு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். அவர்கள் பையன் பத்தாவது படிக்கிறான் என்று வாடகையையும் ஏற்றவில்லை.

ஆனால் பேப்பர் ரோலில் ஏறாத கணக்கு ஒன்று உண்டு. வட்டி, சொத்து வரி, அசோசியேஷன் மெயின்டனன்ஸ் 36,000 எல்லாம் சேர்த்து வருஷம் 5,49,000 போகிறது. வாடகை வருவது 2,16,000. மிச்சம் பிடித்த 62,400ஐயும் சேர்த்துப் பார்த்தால்கூடக் கையைவிட்டுப் போவது 2,70,600. விலை ஏறும் என்பார். ஏறட்டும், அது வேறு கதை.

இன்னொன்றும் உண்டு. அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கப் பழைய வரி முறையில்தான் இருக்க வேண்டும், புதியதில் முடியாது. அப்பா கட்டிய வீட்டில் இருப்பதால் அவருக்கு வாடகைப்படிச் சலுகையும் கிடையாது. ஆடிட்டர் 2025-26க்குப் போட்டுக் காட்டினார். 30 லட்சம் சம்பளத்துக்கு, நிலையான கழிவு, எண்பது சி, ஃபிளாட் நஷ்டம் எல்லாம் கழித்தும் பழைய முறையில் வரி 6,16,200. எதையும் காட்டாமல் புதிய முறைக்குப் போனால் 4,75,800. சகலை தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆனா சார், அதுல நஷ்டம் காட்ட முடியாதே!”

அவர் பணம், அவர் பாடு என்று விட்டிருப்பேன். என் அக்கா மகன்மேல் கை வைத்ததுதான் பொறுக்கவில்லை. பையனுக்கு ஆண்டுச் சம்பளம் 11 லட்சம். புதிய முறையில் 12,75,000 வரை சம்பளக்காரனுக்கு வரியே கிடையாது. அவனை உட்காரவைத்து, ‘டாக்ஸ் சேவிங்’ என்று சொல்லி, கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டவைத்துவிட்டார். 50 லட்சம் கடன், எட்டரை சதவீதம், இருபது வருஷம்: மாதத் தவணை 43,000க்கு மேல். இல்லாத வரியை மிச்சம் பிடிக்க அந்தப் பிள்ளை பாதிச் சம்பளத்தை அழ வேண்டும்.

லோன் பேப்பரில் அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அட்வான்ஸ் போனால் போகிறது, பேனாவைக் கீழே வை என்று இதைப் படிக்கிற ஆடிட்டர் யாராவது அவனுக்குச் சொல்லுங்கள். தாய்மாமன் பேச்சு எடுபடவில்லை.