தட்டிப் பார்த்து வாங்கும் மாமா

அண்டாவைக் கவிழ்த்து, விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டி, சத்தம் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பாரே, அவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம் என்றால் ராஜபாளையத்திலிருந்து முதல் நாளே வந்து, வாடகைப் பாத்திரக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். தேக்சா நாலு, ஜல்லிக்கரண்டி ரெண்டு, சமுக்காளம் பத்து என்று கடைக்காரர் எடுத்துவைக்க எடுத்துவைக்க, இவர் சட்டைப்பை நோட்டில் நசுங்கல்களைக் குறித்துக்கொள்வார். "அடியில ஒண்ணு, விளிம்புல ரெண்டு. கையெழுத்துப் போடுங்க." ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரத்தை வாடகைக்கு விட்டாலும், பதினோரு நிலையும் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார்.

இந்த வியாதி மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் தொற்றியது. பெல் அடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, செயின் தொங்குகிறதா என்று அரை மணி பார்த்துவிட்டு, மீதி அரை மணி ஓட்டிய சிறுவன் வளர்ந்து நூற்பாலை இன்ஜினீயரானார். நூலை விரலில் உருட்டியே கவுண்ட் சொல்லும் கை. 1987இல் ஆலைக்கு வந்த ரீட்டர் இயந்திரத்தைப் பழகிக்கொள்ள ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூருக்கு ஆறு மாதம் அனுப்பினார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் "நான் வின்டர்தூர்ல இருந்தப்ப" என்றுதான் ஆரம்பிப்பார்.

அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ளூம்சர்பெர்க் மலைக்குப் போய் ஸ்கீ விளையாடினாராம். மொத்தம் ஏழு ஞாயிறு. அதன்பின் பனி என்று பார்த்தது ஃப்ரிட்ஜில்தான்.

போன ஜனவரியில் மருமகன் குடும்பத்தோடு காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்குக்குக் கூட்டிப் போனார். விட்டகுறை தொட்டகுறை என்று மாமாவுக்கு மறுபடி ஸ்கீ ஆசை. குல்மார்க்கில் இந்த விளையாட்டு இன்று நேற்று வந்ததல்ல. வெள்ளைக்காரர்கள் 1927லேயே அங்கே ஸ்கீ கிளப் தொடங்கிவிட்டார்கள். சாமான் வாடகைக்குக் கிடைக்கும்: ஸ்கீ, பூட்ஸ், ஊன்றுகோல், ஹெல்மெட். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற கடை.

மாமா நோட்டை எடுத்தார்.

முதல் சண்டை நீளத்தில். அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் ஸ்கீயின் முனை மணிக்கட்டில் நிற்க வேண்டும். கிட்டத்தட்ட 2 மீட்டர். 1990களில் ஸ்கீக்கு இடுப்பு வந்தது. முனையும் வாலும் அகன்று நடுவில் ஒடுங்கிய வடிவம் தானாகவே வளைந்து திரும்புவதால் நீளம் தேவையற்றுப் போய், இப்போது மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் நின்றால் போதும். கடைப் பையன் எடுத்து வைத்தது 160 சென்டிமீட்டர். மாமா கையைத் தூக்கியபடி நின்றார். ஸ்கீ தோளுக்கு மேல் கொஞ்சம் எட்டியது. "மாப்ள, இது பேரனுக்கு. எனக்கு எடுக்கச் சொல்லுங்க." மருமகன் இந்தியில் சொன்னார், பையன் இந்தியில் விளக்கினான், மருமகன் தமிழில் சொன்னார், மாமா கையை இறக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கீயைப் பார்த்த விதத்தில் ஆளைக் குறைசொல்ல முடியாது. இரண்டையும் அடியோடு அடி சேர்த்து அழுத்தி நடுவளைவைச் சோதித்தார். உலோக விளிம்பில் நகத்தைக் குறுக்கே இழுத்து, சீவல் எழுகிறதா என்று பார்த்தார். அடிப்பலகையில் கல் கீறிய பள்ளங்களைத் தடவி எண்ணினார். பையனே ஒரு நிமிஷம் மரியாதையாக நின்றான். அப்புறம் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டபோதுதான் அந்த மரியாதை போனது.

பூட்ஸுக்கு இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். மெல்லிய ஒரே ஜோடிதான் போட வேண்டும், நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்சுவரை லேசாக உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும் என்றான் பையன். மாமாவுக்குக் கால் தாராளமாக இருக்க வேண்டும். ஆறு ஜோடி மாட்டிக் கழற்றினார்.

இனித்தான் முக்கியமான இடம். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் கொக்கிக்கு பைண்டிங் என்று பெயர். விழும்போது அது கழன்றுகொள்ள வேண்டும். கழலாவிட்டால் காலெலும்போ முழங்கால் தசைநாரோ கழன்றுகொள்ளும். எவ்வளவு இறுக்குவது என்பது எடை, உயரம், பூட்ஸ் அடியின் நீளம், வயது, ஓட்டும் விதம் எல்லாம் பார்த்து வரும் ஓர் எண். 50 தாண்டியவருக்கு ஒரு படி தளர்த்தியே வைப்பார்கள். அந்தப் பையன் இதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டான்.

"எடை?"

"அறுபத்தெட்டு."

"வயசு?"

"நாப்பத்தொம்பது."

"எப்படி ஓட்டுவீங்க? மெதுவா, நடுத்தரமா, வேகமா?"

"வேகம்."

பாத்திரக்கடைக்காரரின் ஒரு நசுங்கலை மன்னிக்காத மனிதர், தன் நசுங்கல் மூன்றையும் மறைத்து நின்றார். பெஞ்சில் காங்கடி என்கிற கணப்புச் சட்டியை மடியில் வைத்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்த அத்தை, திரும்பிப் பாராமலே சொன்னார்: "எம்பத்தொண்ணு கிலோ. வயசு அறுபத்தாறு. வேகமெல்லாம் பாத்ரூமுக்குப் போறப்ப மட்டும்." மருமகன் மொழிபெயர்த்தார், கடைசி வாக்கியத்தைத் தவிர. பையன் திருகாணியைத் தளர்த்தினான்.

இதில் சிரிக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. ஒருநாள் வாடகை முழுசாகக் கொடுத்த சாமான், கடையைவிட்டு வெளியே வரும்போது மணி ஒன்று. முன்பதிவு செய்திருந்த கொண்டோலா ரோப்கார் டிக்கெட் ஐந்தும் வீண். அஃபர்வாத் மலையைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு ராஜபாளையத்திலேயே சொல்லி வைத்திருந்தது. பிள்ளைகள் பார்த்தது தாத்தாவின் ஆறு ஜோடி பூட்ஸ். பணமும் மருமகனுடையது, லீவும் மருமகனுடையது. தன் பரிசோதனைக்குக் கூட நிற்பவர்களுக்கும் கால் வலிக்கும் என்பது இந்த மாமாக்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஆனால் பழகுநர்களுக்கான அந்தச் சின்னச் சரிவில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். முன்முனைகளைச் சேர்த்து வால்களை அகட்டி, முழங்கால் மடக்கி, மாமா இறங்கினார். இடது பக்கம் ஒரு வளைவு. வலது பக்கம் ஒன்று. மறுபடி இடது. கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக வாயில் மட்டும் இருந்த வின்டர்தூர் ஐம்பதடி தூரத்துக்குக் காலிலும் இருந்தது. பேரன் கை தட்டினான். அத்தை காங்கடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

நாலாவது வளைவில் விழுந்தார். டக்கென்று பைண்டிங் கழன்று ஸ்கீ தனியே போய் நின்றது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை அத்தை ஊரிலிருந்தே ஒரு சுருள் கொண்டு வந்திருந்தார். பிரிக்க வேலை வரவில்லை. மாமா பனியில் உட்கார்ந்தபடியே ஸ்கீயை இழுத்து மடியில் போட்டு, கொக்கியை ஆட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா மாப்ள, லூஸா வச்சிருக்கான்."

சாயங்காலம் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். கூடவே ஒரு பொட்டலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, காஷ்மீர்க் குளிரில் செங்கல்லாகியிருந்தது. மாமா நோட்டைத் திறந்து, காலையில் குறித்த கீறல்களை வரிசையாகப் படிக்கத் தயாரானார். பையன் ஸ்கீயை வாங்கினான், பார்க்கவில்லை, சுவரோரம் இருந்த குவியலில் சாய்த்தான். பூட்ஸையும் அப்படியே. பிணையாக வாங்கி வைத்திருந்த ஆதார் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

மாமா நகரவில்லை. குவியலுக்குப் போய்த் தன் ஸ்கீயைத் தேடி எடுத்து, அடியில் ஒரு விரல்நீளக் கோட்டைக் காட்டினார். "இது காலைல இல்ல. நான் போட்டது." மருமகன் மொழிபெயர்த்தார். பையன் சிரித்து, பரவாயில்லை என்று கையசைத்துவிட்டுப் பால்கோவாவை உடைக்கப் பார்த்தான்.

ஸ்ரீநகர் வரும்வரை டாக்ஸியில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குள் நுழையும்போதுதான் சொன்னார்: "கடை நடத்தவே தெரியல மாப்ள அவனுக்கு."