லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்

ஊட்டி பக்கத்துப் பைக்காரா படகு இல்லத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்து ஊழியர்கள் ரொம்பக் கறார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, மார்புப் பட்டையை இழுத்துப் பூட்டினால்தான் படகு நகரும். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் அந்தக் கோலத்திலேயே செல்ஃபி எடுத்துக்கொள்கின்றன. ஒரு ரவுண்டு முடிந்து கரையேறியதும், "ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் ஜோடிகளுக்கு ஆபத்து தண்ணீரிலா இருக்கிறது? கரையில் அல்லவா இருக்கிறது!

பைக்காராவைப் பார்க்காத தமிழன் கிடையாது. நேரில் வராதவரும் கொட்டகையில் பார்த்திருப்பார். அருவிப் பாறையிலும், பக்கத்து ஷூட்டிங் மட்டத்துப் புல்வெளியிலும் எத்தனை நாயகர்கள் எத்தனை நாயகிகளைத் துரத்திப் பாடியிருக்கிறார்கள்! பையன் ஏழை, பெண் பணக்காரி. அவள் அப்பன் ஆள்விட்டு அடித்தால் கொட்டகையே பல்லைக் கடிக்கும். ஜோடி சேர்ந்தால் விசில் பறக்கும். விசிலடித்த அதே வாய், மகளின் போனில் ஒரு பையன் பெயரைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி: "அவன் என்ன ஆளுக?"

பதிலை அரிவாள் சொல்லும். சில சமயம் விஷம். விருத்தாசலம் பக்கத்தில் 2003இல் சாதி மாறிக் காதலித்த கண்ணகிக்கும் முருகேசனுக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். செய்தவர்களில் கண்ணகியின் அப்பாவும் அண்ணனும் உண்டு. தண்டனை வர 18 வருஷம் ஆயிற்று. திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோடு போன கோகுல்ராஜை 2015 ஜூனில் கடத்திக்கொண்டு போனார்கள். பெண்ணுக்கு உடம்பில் பாதியைக் கொடுத்த சாமியின் வாசலில் ஒரு பெண்ணோடு பேசியது குற்றமாம்! மறுநாள் தண்டவாளத்தில் பிணம். முக்கியக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் முழங்கினார், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். நம்மூரில் தலைமறைவு என்றால் போலீசுக்கு மட்டும் தெரியாத இடம்.

பைக்காரா மின்நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. கோயம்புத்தூர் மில்கள் அந்தக் கரண்டில்தான் கொழித்தன. கொங்கு நாட்டுக்கு வெளிச்சம் வந்து 80 வருஷத்துக்கு மேலான பிறகு, 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சங்கரையும் கௌசல்யாவையும் பட்டப்பகலில் வெட்டினார்கள். அன்றைக்குக் கரண்ட் செய்த ஒரே தொண்டு, கேமரா ஓடியதுதான். சுற்றி நின்ற கூட்டமும் கேமராவாகவே நின்றது. சங்கர் பிழைக்கவில்லை. பெண்ணின் அப்பா உட்பட ஆறு பேருக்குக் கீழ்க்கோர்ட் தூக்கு விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் அப்பாவை விடுவித்து, ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

பழைய கதை என்று தள்ளவும் வழியில்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஐடி ஊழியர் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றதாகக் கைதான இளைஞரின் அப்பா, அம்மா இருவருமே அப்போது போலீஸ் சார்பு ஆய்வாளர்கள்.

ஒவ்வொரு முறையும் கட்சிகள் இரங்கல் அறிக்கை விடும். கொன்றவனின் சாதிப் பெயர் மட்டும் அதில் அச்சுப்பிழைபோல விடுபட்டிருக்கும். வேட்பாளர் பட்டியல் போடும்போது அந்தப் பிழை நேர்வதே இல்லை!

ஆகவே அரசுக்கு ஒரு யோசனை. பைக்காரா கவுண்டரில் சாதிச் சான்றிதழ் பார்த்து டிக்கெட் கொடுங்கள். ஒரே சாதி ஜோடிக்கு ஒரு ரவுண்டு போதும். சாதி மாறிய ஜோடிகள் கரைக்கே வரவேண்டாம். ஆயுள் முழுக்க அணையிலேயே சுற்றட்டும். ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். கழுத்துக்கு இரும்புத் தகடு வைத்துத் தைத்து, முதுகில் ஆட்சிக்குத் தகுந்த தலைவர் படத்தையும் ஒட்டிவிடுங்கள். நலத்திட்டக் கணக்கில் சேரும்.

ஆணவக்கொலையைத் தடுக்கும் தனிச்சட்டத்தைவிட இது சீக்கிரம் நடக்கும். சட்ட ஆணையம் தன் 242ஆவது அறிக்கையில் வரைவோடு எழுதிக் கொடுத்தது 2012இல். ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லம், மாவட்டத்துக்கு ஒரு தனிப்பிரிவு என்று உச்ச நீதிமன்றம் வழி சொன்னது 2018இல். ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது 2025 அக்டோபரில். ஓட்டுக் கேட்டு அடுத்த முறை உங்கள் வாசலுக்கு வருபவர் எந்தக் கட்சியானாலும் சரி, உங்கள் சாதிக்காரரே ஆனாலும் சரி, அந்தச் சட்டம் எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை நோட்டீசைக் கையில் வாங்காதீர்கள்.