கருத்தையும் சந்தாவில் சேர்த்துவிடுங்கள்

பெறுநர்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், சென்னை.

அனுப்புநர்: மதுரை மாநகர், சுற்றுவட்டாரச் சந்தாதாரர்கள் சார்பில் ஒருவர்.

பொருள்: டிவி, அரசியல், வேலை, வீட்டுநடப்பு ஆகியவை குறித்து எங்களுக்கு இருக்க வேண்டிய கருத்துகளை மாதச் சந்தாவோடு சேர்த்து வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

மதுரையில் கருத்துக்குப் பஞ்சம் என்று இதுவரை யாரும் மனு கொடுத்ததில்லை. சிம்மக்கல் டீக்கடையில் ஒரு டீ ஆறுவதற்குள் மத்திய பட்ஜெட், சீரியல் மாமியார், மாட்டுத்தாவணி தக்காளி விலை, கம்பெனி மேனேஜரின் குணம் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆனால் அத்தனையும் வீட்டுத் தயாரிப்பு. தரக்கட்டுப்பாடு கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். அரசோ எங்களுக்கு எதையும் அரைகுறையாக விட்டதில்லை. 2006 தேர்தலில் வாக்குறுதி அளித்தபடி வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. 2011-ல் ஆட்சி மாறி மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் தங்கள் நிறுவனத்தின் வழியாக மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் வந்தது. பெட்டியும் கொடுத்துக் கம்பியும் கொடுத்தபின், பார்த்துவிட்டு என்ன நினைப்பது என்ற வேலையை மட்டும் எங்கள் தலையில் கட்டுவது நியாயமா? பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவனுக்கு ராத்திரியில் சொந்தமாக யோசிப்பது சம்பளமில்லாத ஓவர்டைம். ஆகவே ‘கருத்து’ என்று ஒரு தொகுப்பைச் சந்தாவிலேயே சேர்த்துவிட வேண்டுகிறோம்.

சொந்தக் கருத்து என்ன விலை கேட்கும் என்பதை அறிந்த ஊர் இது. 2007 மே 9 அன்று, கலைஞர் கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று மக்களிடம் கேட்டறிந்த கணிப்பைத் தினகரன் நாளிதழ் வெளியிட்டது. அன்றே அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு எரிந்தது. ஊழியர்கள் மூவர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் 2009-ல் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த மூன்று சாவுகளைப் பகடி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. அதையடுத்து அரசாங்கத்துக்குக் கேபிள் தொழில்மீது திடீரென்று பிறந்த அக்கறையைப் பற்றித்தான் பேசுகிறோம். கருணாநிதி குடும்பத்துக்கும், தினகரனை நடத்திய அவருடைய உறவினர்களான மாறன் குடும்பத்துக்கும் மூண்ட மோதலில் தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டார். செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. அக்டோபரில் தங்கள் நிறுவனம் பதிவானது. 2008 டிசம்பரில் குடும்பங்கள் சமாதானமாயின, தாங்களும் கண்ணயர்ந்தீர்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் ஜெயலலிதா தங்களைத் தட்டி எழுப்பினார். மக்கள் நலனுக்காகப் பிறந்த நிறுவனம், ஒரு குடும்பம் சண்டை போட்டபோது விழித்திருந்து, சமாதானமானபோது தூங்கியது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. இப்படிக் கேட்கத் தோன்றுவதுதான் எங்கள் நோய். அதற்குத்தான் மருந்து கேட்கிறோம்.

மருந்து தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. 2018 ஜூனில் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை தொலைக்காட்சிமீது வழக்குப் பதிவானது. அந்த நாட்களில் அரசு கேபிளில் அந்தச் சேனல் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டதாகப் புகார் எழுந்தது, எதிர்க்கட்சிகள் கண்டித்தன. 2025 அக்டோபரில், கரூர் நெரிசல் துயரத்தைப் பற்றிய செய்திகள் சூடாக ஓடிய வேளையில், அதே சேனல் அரசு கேபிளில் தெரியவில்லை என்று மீண்டும் புகார். மீண்டும் எதிர்க்கட்சிகள் கண்டித்தன. முதல் முறை ஆண்டவர்கள் இரண்டாம் முறை எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார்கள். அன்று எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் ஆட்சியில் இருந்தார்கள். பத்திரிகைச் சுதந்திரத்தின்மீது இரு கழகங்களுக்கும் பற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எதிர்க்கட்சி வரிசைக்குப் போனதும் அது தவறாமல் வந்துவிடுகிறது. இரண்டு புகாரும் வெறும் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சேனலுக்கு என்ன ஆனது என்று தெரியாதபோது ஆட்சியாளரைச் சந்தேகிக்கும்படியான இடத்தில் ஓர் அரசு நிறுவனம் நிற்பதே போதாதா? சேனலைத் தடை செய்தால் நீதிமன்றம் கேள்வி கேட்கும். எண்ணை மாற்றினால் ரிமோட் மட்டும்தான் கேட்கும்.

தங்கள் தரப்பு பதில் தெரிந்ததுதான். ஏழைக்கு மலிவாகக் கேபிள் கொடுத்தோமே, அதற்கு முன்பு தனியார் ஏகபோகம் இல்லையா என்பீர்கள். முழுக்கச் சரி. எழுபது ரூபாயில் ஆபரேட்டருக்கு ஐம்பது, நிறுவனத்துக்கு இருபது என்ற கணக்கு உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கூலிக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மாறன் குடும்பத்தின் சுமங்கலி கேபிள் கோலோச்சிய காலத்தில் போட்டி நிறுவனங்கள் பட்ட பாட்டையும் யாரும் மறக்கவில்லை. ஆனால் விலையைக் குறைக்க அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், மானியம் தரலாம். கம்பியின் முனையைத் தானே பிடித்திருக்க வேண்டியதில்லை. ஏகபோகத்தை ஒழிக்கப் போனவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டால், ஒழிந்தது பழைய முதலாளி மட்டும்தான். மாநில அரசுகளும் அரசியல் கட்சிகளும் ஒளிபரப்பு, கேபிள் விநியோகத் தொழிலில் இருக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-லும் 2012-லும் பரிந்துரைத்தது. அதை மீறி 2017-ல் தங்களுக்கு டிஜிட்டல் உரிமம் கொடுத்தது மத்திய அரசு. பிறகு 2022 அக்டோபரில், 2023 முடிவுக்குள் அரசுகள் இந்தத் தொழிலைவிட்டு விலக வேண்டும் என்று சொன்னதும் அதே மத்திய அரசுதான். தூர்தர்ஷனைக் கையில் வைத்திருக்கும் டெல்லி இதைச் சொல்வது வேடிக்கைதான். சொல்பவர் யார் என்பதால் சொன்ன விஷயம் பொய்யாகிவிடாது.

‘இந்தக் காலத்தில் கேபிள் பார்ப்பது யார், எல்லோரும் செல்போனில்தானே இருக்கிறார்கள்’ என்பது அடுத்த பதில். அப்படியானால் எந்தச் சேனல் எந்த எண்ணில் வருகிறது என்பதற்கு எந்த ஆட்சியும் கவலைப்பட வேண்டியதில்லையே? 2022 நவம்பரில் லட்சக்கணக்கான செட்டாப் பாக்ஸ்கள் நின்றபோது கிளம்பிய கூச்சல், கம்பி இன்னும் எத்தனை வீட்டைக் கட்டி வைத்திருக்கிறது என்று காட்டியது. செல்போன் உள்ள வீட்டிலும் கூடத்தில் ஓடுவது டிவிதான். வயதானவர்களுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் ஊர்ச்செய்தி அதில்தான் வருகிறது. கட்சிக்கொரு சேனல் இருக்கிறதே, எல்லாத் தரப்பும் கேட்டுவிடுகிறதே என்றும் சொல்வீர்கள். பட்டிமன்றத்தைப் பண்டிகைச் சாப்பாட்டில் ஒரு பதார்த்தமாக்கிய சாலமன் பாப்பையாவின் ஊரில் இதைச் சொல்லலாமா? எதிரணி பேச எழும்போது மைக்கை அணைக்கிற அதிகாரம் ஓர் அணித்தலைவரிடம் இருந்தால், இரண்டு அணி உட்கார்ந்திருப்பதால் அது பட்டிமன்றமாகிவிடாது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பொதுச் சொத்தைக் காப்பவர் அதில் ஒரு கட்சிக்குக் காவல்காரராக நிற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

தாங்கள் விலகப்போவதில்லை என்றால் எங்கள் குறைந்தபட்சக் கோரிக்கை இது. எந்தச் சேனலுக்கு எந்த எண் என்பதை எழுதப்பட்ட விதிப்படி, அரசைச் சேராத ஒரு குழு முடிவு செய்யட்டும். ஒரு சேனலை நிறுத்தினாலோ பின்னுக்குத் தள்ளினாலோ, பழைய எண்ணிலேயே அந்த ஆணையைத் திரையில் போடுங்கள்: எந்த அதிகாரி கையெழுத்திட்டார், எந்தத் தேதியில், என்ன காரணத்தால். தொழில்நுட்பக் கோளாறு என்றால் எப்போது சரியாகும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இதற்கு ஆகும் செலவு இரண்டு வரி தட்டச்சுதான். அதுவும் முடியாது என்றால் முதல் கோரிக்கையையே பரிசீலித்து, அரசின் கருத்துகளை அதிகாரபூர்வமாக அனுப்பிவையுங்கள். ஆட்சி மாறும்போது அவற்றையும் மாற்றித் தர வேண்டியிருக்கும் என்பதால், பழைய கருத்துகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள ஆபரேட்டரிடம் ஒரு சாக்கும் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
ஜி.எஸ்.டி. உட்பட சந்தா பாக்கியில்லாத மதுரைவாசி