முல்லைத்திணையும் கரண்ட் பில்லும்: ஒரு பொழுதாராய்ச்சி

மின்கட்டணத்தை நேரத்துக்கு நேரம் மாற்றி வசூலிப்பது ஸ்மார்ட் மீட்டரோடு பிறந்த புதுமை என்றே பொறியாளர்கள் கருதிவருகின்றனர். அது பிழை என்பதும், அம்முறையின் இலக்கணம் அகத்திணையிலேயே அடங்கிக் கிடக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. முன்னோர் ஒரு நாளைப் பத்துப் பத்து நாழிகையாக ஆறு சிறுபொழுதுகளாக்கினர். அவற்றுள் மாலை என்பது இன்றைய கடிகாரத்தில் ஆறு மணி முதல் பத்து மணி வரை. இப்போது, மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீடுகளுக்குக் கேரளத்தில் வகுக்கப்பட்டுள்ள அட்டவணையை நோக்குக: மாலை ஆறு முதல் பத்து வரை 25 சதவீதம் கூடுதல், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, அதாவது காலை, நண்பகல், எற்பாடு ஆகிய மூன்று பொழுதுக்கும் 10 சதவீதம் தள்ளுபடி, யாமத்துக்கும் வைகறைக்கும் வழக்கமான கட்டணம். சேர நாட்டார் சிறுபொழுதின் எல்லையை ஒரு நிமிடம்கூடப் பிசகவிடவில்லை.

பொழுது பொருந்தினால் போதாது, உரிப்பொருளும் பொருந்த வேண்டும் என்பர் புலவர். பொருந்துகிறது. மாலை முல்லைக்குரியது, முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது ஆற்றியிருத்தல். உச்சநேரக் கட்டணம் நம்மிடம் கேட்பதும் அதையேதான். பொழுது சாய்ந்ததும் சூரிய மின்சாரம் நின்றுவிடுகிறது. அதே வேளையில் ஊரெங்கும் விளக்கும் டிவியும் ஏசியும் விழித்துக்கொள்கின்றன. அந்த நான்கு மணி நேரத் தேவைக்காக மட்டும் விலை கூடிய மின்சாரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எனவே ஆற்றியிருக்கக்கூடியவை ஆற்றியிருக்கட்டும் என்பது விதி. விளக்கும் மின்விசிறியும் ஆற்றா. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, கீசர் ஆகியவை ஆற்றும். யூனிட் எட்டு ரூபாய் என்று கொண்டால், மாலையில் அது பத்து ரூபாய், பகலில் ஏழு ரூபாய் இருபது காசு. இரண்டு கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே ஒருமுறை ஆற்றியிருத்தலின் சந்தை மதிப்பு இரண்டு ரூபாய் எண்பது காசு. முல்லைத் தலைவியின் பொறுமைக்கு இதுவரை எந்த உரையாசிரியரும் விலை கணித்ததில்லை.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்தப் பொழுதுக் கணக்கு இல்லையே, நூறு யூனிட் இலவசத்துக்குப் பிறகு மொத்த யூனிட்டை வைத்துத்தானே கட்டணம் ஏறுகிறது என்று மறுப்போர் உளர். மறுப்பு உண்மை, ஆனால் அது நம் துணிபுக்கே துணை நிற்கிறது. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஆண்டுக்கு ஆறு பில். கார் முதல் முதுவேனில் வரை பெரும்பொழுதுகளும் ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு மாதம். எனவே தமிழ்நாட்டு வாரியம் இலக்கணத்தை மீறவில்லை. பெரும்பொழுதோடு நின்றுவிட்டது, அவ்வளவே. விவசாயம் தவிர்த்த மற்ற நுகர்வோருக்கும் 2025 ஏப்ரலுக்குள் நேரவாரிக் கட்டணம் வர வேண்டும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியதும் அது நடப்புக்கு வர வேண்டும் என்று மத்திய அரசு 2023இல் விதி திருத்தியதைச் சிறுபொழுதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்ன சூத்திரமாகவே கொள்ளல் வேண்டும்.

வலுவான மறுப்பு வேறொன்று: பகலெல்லாம் வேலையில் இருப்பவர் வீடு திரும்புவதே மாலையில்தானே, அவர் எதைத் தள்ளிப்போடுவார்? இதையும் முல்லை அறியும். வினைமுற்றி மீளும் தலைவன் தேரைச் செலுத்தி வருவதும் மாலையில்தான். வந்தவனை வியர்வையோடு பத்து மணி வரை உட்காரவைப்பது அறமன்று. ஏசியைத் தள்ளிப்போட முடியாத அவர் கூடுதல் கட்டணத்தைச் சுமக்கத்தான் வேண்டும். இந்த முறையின் மெய்யான குறை இதுவே. ஆனால் மோட்டாருக்கும் வாஷிங் மெஷினுக்கும் டைமர் வைத்தால் அவர் இல்லாதபோதே வேலை முடியும். ஆகவே வாசகர்கள் முதலில் தம் பில் எந்தப் பொழுதைச் சார்ந்தது என்று பார்த்துக்கொள்க. பெரும்பொழுதாயின் யூனிட்டைக் குறைக்க. சிறுபொழுதாயின் மோட்டாரை எற்பாட்டிலேயே போட்டுவிடுக.