பதினைந்து பெற்றோர் வேண்டும்

பதினைந்துதான் மலேசியத் தமிழனின் ராசி எண். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். பதினான்கு பேர் கேட்டால்? அந்தப் பதினான்கு பேருக்கும் தாய்மொழி இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். அதுவும் மொழிக்கு மட்டும்தான். இலக்கியமும் படிப்பேன் என்று அடம்பிடிப்பது மாணவனின் சொந்தக் கொழுப்பு. அதற்குச் சட்டம் பொறுப்பில்லை.

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் இலக்கியம் எடுத்திருக்கும் நாங்கள் ஏழு கொழுப்பெடுத்தவர்கள். கணிதமும் வரலாறும் பள்ளிச் சீருடையில் படிக்கிறோம். இலக்கியத்தை மட்டும் சனிக்கிழமை காலையில், டி-சட்டையோடு, கோயில் மண்டபத்தில் படிக்கிறோம். நேர அட்டவணையில் இடமில்லையாம். சார் பணி ஓய்வு பெற்றவர். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து துன் சார்டோன் சாலையில் வளைந்து வளைந்து மோட்டாரில் வருகிறார். துரியான் பருவத்தில் ஜார்ஜ் டவுன் கார்களெல்லாம் அந்தச் சாலையோரம் வரிசைகட்டி நின்றுவிடும். பழத்துக்கு வந்த கூட்டம் வழிவிடும்வரை இலக்கியம் காத்திருக்க வேண்டியதுதான். மண்டபத்தில் கல்யாணம் என்றால் பின்கட்டுக்குப் போய்விடுவோம். அண்டா கழுவும் குழாயடியில் உட்கார்ந்துதான் நாங்கள் பாத்திரப்படைப்பு படித்தோம்.

இந்தக் குழாயடிக்காகவும் ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. 2009இல் அன்றைய துணைப் பிரதமரும் கல்வி அமைச்சருமான முகிதீன் யாசின், மறு ஆண்டு முதல் எஸ்.பி.எம்.மில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்றார். தமிழும் இலக்கியமும்தான் முதலில் கழன்று விழும் என்று சமூகம் கொதித்தது. பத்து, பன்னிரண்டானது. வெற்றி! தேர்வு எழுத நாற்காலி கிடைத்தது. சொல்லித்தர ஆள் எங்கே என்று கேட்க வேண்டிய நேரத்தில், கொதித்தவர்களில் பாதிப் பேர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள்.

படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்கிறீர்களா? மணிமணியாகப் போகிறது. எங்களிடம் குறிப்பேடு இருக்கிறது. எத்தனையாவது நகலின் நகலோ, ஓரத்து எழுத்துகள் கரைந்து போயிருக்கின்றன. கருப்பொருள், துணைக்கருப்பொருள், பாத்திரப்படைப்பு, உத்தி, படிப்பினை என்று நாவலைக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள். கதாநாயகி அழுதால் பாத்திரப்படைப்பு. அழுததை அவளே பிறகு நினைத்துப் பார்த்தால் பின்னோக்கு உத்தி. ஏன் அழுதாள் என்று யோசித்தால் நேர விரயம். படிப்பினையில் மட்டும் குழப்பமே வராது. எந்தக் கதையானாலும் பெற்றோரை மதிக்க வேண்டும், முயற்சியைக் கைவிடக் கூடாது. நாவலைப் படிக்காமலே முழுப் புள்ளி வாங்கும் வித்தையை டியூஷன்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எழுதிய ஆசிரியரே வந்து தேர்வு எழுதினால் அவர் பாடுதான் திண்டாட்டம்.

ஒருநாள் சார் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு ப. சிங்காரத்தைப் பற்றிச் சொன்னார். 1972இல் வெளிவந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி' நாவலில், ஜப்பான்காரன் காலத்தில் நாயகன் பாண்டியன் சுமத்ராவிலிருந்து தொங்கானில் கடல் கடக்கிறானே, அவன் வந்து சேர்வது எங்கள் பினாங்கில்தான். தமிழின் பெரிய நாவல்களில் ஒன்று இந்தத் தீவில் கரையேறியிருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்தச் சேதி பதினேழு வயதில், குழாயடியில்தான் கிடைக்கிறது. எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவும் இதே தீவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2016இல்தான் காலமானார் என்றார் சார். எங்களில் ஒருத்தி கையைத் தூக்கினாள்: "சார், இது கேள்வியில வருமா?" வராது. குறிப்பேடு மறுபடியும் திறந்தது. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் அம்மா அவளை அனுப்பியிருப்பது ஓர் ஏ எடுத்து வரத்தான்.

அந்த ஏ இருக்கிறதே, அதுதான் எங்கள் குலதெய்வம். "இலக்கியம் எடுத்தா ஏ போயிரும்டா" என்று எச்சரித்த மாமாதான், இலக்கிய விழாவில் ஈராயிரம் ஆண்டு பழமையைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். அவருடைய பிள்ளைகள் தமிழே எடுக்கவில்லை. கேட்டால், வீட்டில் பேசுகிறார்களாம். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார்.

அந்த விழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டத்தோ பட்டக்காரர் ஒருவர் தலைமை. இலக்கிய மாணவர்கள் ஏழே பேர் என்றால் படத்தில் எடுபடாது என்று பாலர் பள்ளிக் குழந்தைகளையும் பரதநாட்டியப் பிள்ளைகளையும் எங்களோடு சேர்த்து நிற்க வைத்தார்கள். சட்டம் கேட்ட பதினைந்து தலை, கேமராவுக்கு முன்னால் ஐந்தே நிமிடத்தில் கிடைத்துவிட்டது. பொன்னாடை வாங்கிய தோள்களும் பதினைந்துக்குக் குறையாது. அத்தனை தோள்களில் சாருடைய தோள் இல்லை. அவர் பின்வரிசையில் எங்களுக்கு மீகூன் பொட்டலம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "தமிழ் அழியாது!" என்று டத்தோ கர்ஜித்தார். கைதட்டல். மீகூன் ஆறிவிட்டது.

கீழே இறங்கிய டத்தோவிடம் எங்கள் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். பள்ளி நேரத்துக்குள் வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஓர் ஆசிரியர், அவ்வளவுதான். அவர் அதை வாங்கி, படிக்காமல் உதவியாளரிடம் நீட்டினார். உதவியாளர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "தம்பி, தமிழ்ல எழுதியிருக்கே? மலாய்ல எழுதிக் கொடு, அப்பத்தான் நாங்க படிக்க முடியும்" என்றார்.