386-க்கு விடை கொடுத்த லினக்ஸ்

கேள்வி: லினக்ஸ் கெர்னலில் பழைய வசதிகளை எப்படிக் கழித்துக்கட்டுகிறார்கள்?

பதில்: ஒரே வெட்டாக அல்ல. முதலில் 'கைவிடப்படும்' என்ற எச்சரிக்கை, பிறகு அவகாசம், கடைசியில் நீக்கம். ரெய்சர்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு 2022-இல் எச்சரிக்கை வந்தது, 6.13 பதிப்பில் அது இல்லை.

இன்டெல் 386 சில்லின் கதை இன்னும் சுவையானது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே 386 கணினியில்தான். ஆனால் 486-இல் வந்த சில கட்டளைகள் அதில் கிடையாது. அந்தக் கிழவருக்காகவே கெர்னலில் தனி ஒட்டுவேலை தேவைப்பட்டது. 2012 டிசம்பரில் கெர்னல் உருவாக்குநர் இங்கோ மோல்னார் அனுப்பிய 386 ஆதரவு நீக்கத்தை டோர்வால்ட்ஸ் கண்கலங்காமல் ஏற்றுக்கொண்டார். அதனால் லினக்ஸ் பிறந்த கணினியில் அதன் 3.8 பதிப்பு இயங்காது. 386-ஐ விடாப்பிடியாக வைத்திருப்பவர்களுக்குப் பழைய பதிப்புகள் இருக்கவே இருக்கின்றன.