பிரவுசருக்குப் பரீட்சை வைப்பது எப்படி?

வேலைவெட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதற்கு உகந்தது. ஒரு பிஎன்ஜி படத்தை எடுங்கள். பெயரின் வாலில் இருக்கும் எக்ஸ்டென்ஷனை ஜேபிஜி என்று மாற்றி, பிரவுசரில் இழுத்துப் போடுங்கள். படம் பளிச்சென்று தெரியும். பிஎன்ஜி ஃபைலின் இரண்டு, மூன்று, நான்காம் பைட்டுகளில் பி, என், ஜி என்ற எழுத்துகளே உட்கார்ந்திருக்கின்றன. பெயரை மாற்றி என்ன பயன்?

ஆஹா, புத்திசாலி என்று மெச்சிவிடாதீர்கள். அதே படத்துக்கு பிடிஎஃப் என்று வால் ஒட்டிப் பாருங்கள். இப்போது பெயரை அப்படியே நம்பி, ‘திறக்க முடியவில்லை’ என்று கைவிரிக்கும்.

அசல் பரீட்சையை சர்வரிலிருந்துதான் வைக்க வேண்டும். சர்வர் ஒவ்வொரு ஃபைலோடும் ‘கன்டென்ட்-டைப்’ என்று ஒரு சீட்டு அனுப்பும். அதில் தாராளமாகப் பொய் எழுதுங்கள். தரகர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் ரகசியமாக விசாரிக்கும் பெண்ணின் தகப்பனார் மாதிரி, சில சமயம் பிரவுசர் ஃபைலின் தலைமாட்டைத் தானே முகர்ந்து பார்க்கும். இன்றைய தரவிதி இதற்கு 1445 பைட் வரை இடம் தருகிறது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 256 பைட்டே போதுமாக இருந்தது. ‘வெறும் எழுத்து’ என்று சீட்டு ஒட்டி வந்ததில் எச்டிஎம்எல் வாடை அடித்தால், அது வலைப்பக்கமாகவே ஓட்டிவிட்டது. எவனோ ஏற்றிய ‘படம்’ உங்கள் தளத்தின் பெயரில் ஸ்கிரிப்டாக ஓடியது இப்படித்தான். அந்த மூக்கை அடக்க, 2009-ல் வந்த அதன் எட்டாம் பதிப்பில் ‘நோஸ்னிஃப்’ என்ற கட்டளை சேர்ந்தது. பிறகு மற்ற பிரவுசர்களும் அதை ஏற்றுக்கொண்டன.

ஸ்டைல்ஷீட்டை மட்டும் சீண்டாதீர்கள். சீட்டு தவறாக இருந்தால், நவீனப் பக்கங்களில் அதைத் தொடவே தொடாது. பக்கம் அலங்காரமில்லாமல் நிற்கும். காரணத்தை கன்சோல் மட்டும் முணுமுணுக்கும். எஸ்விஜி படமும் அப்படியே, சரியான சீட்டு இல்லாமல் வாய் திறக்காது.

ஒவ்வொரு தடவையும் கேச்சை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய விடைத்தாளையே இன்றும் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் தளத்தில் ஊரார் ஃபைல் ஏற்ற இடம் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் விளையாட்டை நிறுத்திவிட்டு, நோஸ்னிஃப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சர்வரைக் கவனிப்பவரிடம் சொல்லி இன்றே போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரிதான்.